அட்டை குடித்த எண்ணெய்

பெயர், தகப்பனார் பெயர், முகவரி முதல் தாளில் எழுதியபடி சரி. வயது 27. பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் பேக்கேஜிங் பிரிவுப் பொறியாளர். ஒற்றை அறையில் தனியாக வசிக்கிறேன். காவல் நிலையத்துக்கு என்னை யாரும் கூட்டிவரவில்லை, நானே வந்தேன். வந்து இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

எங்களுக்கு இரும்பு உதிரிபாகங்கள் வெளிப்பட்டறையிலிருந்து அட்டைப்பெட்டியில் வரும். பிரித்ததும் அட்டை குப்பைக்குப் போகும். பெட்டி அடுக்கு சரியாமலிருக்க அதைச் சுற்றிவரும் பிளாஸ்டிக் பிலிமும் அப்படியே. மாதம் ஒன்பது டன் குப்பை. இதை நிறுத்தி, திரும்பத் திரும்பப் போய்வரும் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கொண்டுவரத் திட்டம் போட்டு ஒப்புதல் வாங்கியவன் நான். அதன் பிறகு அட்டை மடிக்கும் பிரிவில் பதினொரு பேரை வேறு ஷிப்டுகளுக்குப் பிரித்துப் போட்டார்கள். அதன் பிறகு எனக்கு ‘அட்டை எமன்’ என்று பேர். கேன்டீனில் நான் தட்டை வைத்தால் எதிரே இருப்பவருக்குச் சாப்பாடு முடிந்துவிடும்.

பெட்டி அடுக்குகளைத் தூக்கிப்போகும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் அண்ணன் மட்டும் எழுந்து போக மாட்டார். “என்ன எமன் சார், இன்னைக்கு எத்தனை பெட்டி உயிரை எடுத்தீங்க?” என்று கேட்டுக்கொண்டே உட்காருவார். அந்தப் பேர் வந்த ஏழு மாதத்தில் வேலை தவிர வேறு பேச்சு நான் பேசியது அவரிடம்தான்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை புதுப் பெட்டிகளில் முதல் லோடு வந்தது. பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெயில் முக்கி அனுப்புவார்கள். இத்தனை வருஷமும் அந்த எண்ணெயை அட்டை குடித்துவந்தது. பிளாஸ்டிக் குடிக்காது. இது யாருக்கும் தெரியும், எனக்குத் தோன்றவில்லை. சோதனைக்கு நான் வாங்கியவை துடைத்து அனுப்பிய மாதிரிகள். பெட்டியின் ஓட்டைகள் வழியாக எண்ணெய் சொட்டி, கீழ்ப்பெட்டியின் மூடியில் படிந்திருந்தது.

அண்ணன் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சார், வழுக்குது. ஒரு சுத்து பிலிம் போட்டுக்கவா?” என்று கேட்டார். பிலிம் போட்டால் அறிக்கையில் குப்பை பூஜ்யம் என்று எழுத முடியாது. “அதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்? அப்படியே எடுங்கண்ணே” என்றேன். அவர் எடுத்தார். அதன் பிறகு தூணருகே திரும்பும்போது மேல் வரிசை நகர்ந்தது. அதன் பிறகு அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, பெட்டியைக் கையால் தள்ளி நேராக்கப் போனபோது மூன்று பெட்டிகள் அவர் தலையிலும் இடுப்பிலும் விழுந்தன. ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோ.

அதன் பிறகு மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, “அவன் வேகமா திருப்பினான்னு எழுதிடு. உனக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது” என்றார். அப்படி எழுதினால் அவருக்கு வேலையும் போகும், வைத்தியத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. அவர் இன்னும் கண் திறக்கவில்லை, எனவே மறுத்துச் சொல்ல ஆளில்லை. வண்டியில் வேகம் பதிவாகும் கருவி உண்டு. அதில் இருப்பது மணிக்கு நான்கு கிலோமீட்டர், மனிதன் நடக்கிற வேகம். அதன் நகலை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி வராந்தாவில் இருந்தார். “வேகமா ஓட்டினாராம். சைக்கிளையே தள்ளிக்கிட்டு வர்ற மனுஷன் தம்பி அவரு” என்றார். அதன் பிறகு, “நீங்க யாரு?” என்று கேட்டார். கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அப்படியே திரும்பி வந்தேன். அதனால்தான் இன்று இங்கே வந்தேன்.

பிலிம் வேண்டாம் என்றது நான். ஓட்டியவர் மேல் தவறு இல்லை.

தகவல் தெரிவிக்க வேண்டியவர் என்ற இடத்துக்கு ஒரு எண் கேட்டார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அண்ணனுடையது மட்டும்தான். அந்த போன் இப்போது அவர் மனைவி கையில் இருக்கிறது. காலியாக விடச் சொன்னேன்.

இதில் உள்ளது முழுதும் நடந்தது நடந்தபடி நான் சொன்னது. வாசித்துக் காட்டினார்கள். ‘அஜாக்கிரதையாக ஓட்டி’ என்று எழுத்தர் வழக்கம்போல் சேர்த்திருந்ததை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்திலும் கீழேயும் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)