சந்துதான் முன்பக்கம்

விடுதி அக்கா போன புதன்கிழமை காலை இறந்துவிட்டார். மாடியிலிருந்து இறங்கி வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

மேடையில் அமர்ந்திருக்கும் பல்கலைக்கழகப் பதிவாளர் அவர்களே, நம் கட்டடங்களை வாங்கவிருக்கும் நிறுவனத்தின் மேலாளர் அவர்களே, சக கடைக்காரர்களே, அக்காவின் மகனே, விடுதிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். வாளிக்கடைக்காரன். நடைபாதையில் வாளியும் மெத்தையும் விற்று ஆரம்பித்தவன். இன்று இந்த வரிசையின் உரிமையாளர் சங்கத் தலைவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. அதோடு, ரொம்பவும் களைத்துப்போயிருக்கிறேன். இந்த வரிசையை விற்பதா, இடிப்பதா, எப்படிக் கட்டுவது என்று பதினோரு வருடம் கூட்டம் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் எனக்கு எதிரே உட்கார்ந்து "முடியாது" என்று சொன்னவருக்குத்தான் இன்று நான் இரங்கல் பேசுகிறேன்!

பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்குத் தெரியாது. பல்கலைக்கழகம் வருவதற்கு முன்னால் இது மரக்கிடங்கு வரிசை. எல்லாக் கட்டடத்துக்கும் முகம் மெயின் ரோட்டைப் பார்த்து. முதுகு சந்துப் பக்கம். பல்கலைக்கழகத்தின் பின்வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற அதே சந்துதான். அன்றைக்கு அது குப்பைத் தொட்டி, ஆண்களுக்குக் கழிப்பிடம். மூக்கைப் பொத்திக்கொண்டுகூட ஒருவரும் நடக்க மாட்டார்கள்.

அங்கே ஒரு கிடங்கை விலைக்கு வாங்கி, பலகையால் அறை தடுத்து, படிக்க வந்த பெண்களைத் தங்கவைத்தவர் யார்? விடுதி அக்கா! குடிவந்த வாரமே என் கடைக்கு வந்தார்.

"வாளிக்கடை, பின்சுவத்த இடிச்சு ஒரு ஷட்டர் போடுங்க."

"பின்னாடி யாருக்கா வாங்குவா? ஈ கூட வராதே."

"நான் ரெண்டு வாளி வாங்கறேன். மொதல்ல இடிங்க."

இரண்டு வாளிக்காகச் சுவரை இடிப்பானா ஒரு வியாபாரி? நான் இடித்தேன். தர்மத்துக்கு இல்லை, கல்லூரிக்குப் போகிற பெண்கள் தினமும் அந்தப் பக்கம்தான் வரப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டு இடித்தேன். கணக்கு சரியாக வந்தது. என்னைப் பார்த்துத் தையல்கடை திறந்தது, நகல் கடை திறந்தது, டீக்கடை வந்தது. ஆள் நடமாட்டம் வந்ததும் அசிங்கம் பண்ண வந்தவர்கள் தானாகவே ஓடிப்போனார்கள்.

பிறகு அக்கா ஒரு சட்டம் போட்டார்: கடையைப் பூட்டினாலும் வெளிவிளக்கை அணைக்கக் கூடாது. நம் மருந்துக்கடைக்காரர் அணைத்தார். "கரண்ட் பில்லு என்ன உங்க தாத்தாவா கட்றாரு?" என்று கேட்டார். "இல்ல, நான் கட்றேன். அனுப்புங்க" என்றார் அக்கா. இவர் நிஜமாகவே அனுப்பினார், ஐயா! அக்காவும் கட்டினார்! முன்வரிசையில் ஏன் குனிகிறீர்கள்? அடுத்த மாதத்திலிருந்து நீங்களேதான் கட்டினீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இறந்துவிட்டார் என்பதற்காக எல்லாவற்றிலும் அவர் பக்கமே நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் கூரை ஒழுகுகிறது. சுவரில் கை வைத்தால் சாந்து உதிர்கிறது. நான்கு நிறுவனங்கள் வந்தன, வரிசையில் எல்லோரும் கையெழுத்திட்டால்தான் வாங்குவோம் என்றன. நான்கையும் அக்கா திருப்பி அனுப்பினார். விற்றுவிட்டு ஓய்வாக உட்காரலாம் என்றிருந்த தையல்காரர் உட்காராமலே போய்ச் சேர்ந்தார். இதில் எனக்கு இன்னும் அக்காமேல் கோபம் உண்டு.

ஆனால் எதற்காக மறுத்தார்? விலைக்காகவா? ஒரு நாளும் இல்லை.

ஐந்தாவதாக வந்த நம் மேலாளர், எட்டு மாடிக் கட்டடத்தின் மாதிரி ஒன்றைத் தெர்மகோலில் செய்து கொண்டுவந்தார். மேசைமேல் வைத்ததும் நாங்களெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தோம். அக்கா அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மறுபக்கம் வெறும் சுவர். ஜெனரேட்டர் அறை, கார் நிறுத்த இறக்கம், ஒரு பெரிய கேட்.

"தம்பி, இத அப்படியே திருப்பி வைங்க."

"அம்மா, இதுதான் முன்பக்கம். மெயின் ரோடு."

"மெயின் ரோட்டுல என்னப்பா வருது? காரு வருது. காலு எங்க வருது?"

அவரே திருப்பினார். திருப்பிய வேகத்தில் இரண்டு பச்சை மரம் கழன்று என் டீயில் விழுந்தது. "பொம்பளப் புள்ளைங்க நடந்து வர்ற பக்கந்தான் முன்பக்கம். அங்க கடை இருக்கணும், ஆள் இருக்கணும். இல்லாட்டி என் கையெழுத்து இல்ல" என்றார். இதுதான் அவர் கேட்டது. பதினோரு வருடமும் இது ஒன்றுதான்.

அக்கா போன அன்று எனக்கு வந்த போன்களில் இரண்டு, "இனிமே வேல சுலபம்ல அண்ணே?" என்று கேட்டன. கேட்ட இருவரும் இந்த அறையில்தான் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களும் களைத்தவர்கள்தான்.

சுலபமாகத்தான் இருந்தது. தகனம் முடிந்த மறுநாள் மேலாளர் என் கடைக்கு வந்தார். மெத்தை அடுக்குகளுக்கு நடுவே அவர், அக்காவின் மகன், நான்.

"அம்மா நினைவா சந்துப்பக்கச் சுவர்ல அவங்க படம் பெருசா வரைஞ்சிடலாம் சார்."

"அக்காவுக்குச் சுவரா? படத்துலேருந்து எறங்கி வந்து இடிப்பாங்கய்யா."

மகன் சிரிக்கவில்லை. "மாமா, விக்கச் சொல்லி அம்மாகிட்ட இத்தன வருஷம் சண்ட போட்டது நீங்கதான?"

"ஆமாப்பா. விக்கத்தான் சொன்னேன். சந்த மூடுன்னு என்னைக்காவது சொன்னேனா?"

வெளியூரில் வேலை, அவசரமாகத் திரும்ப வேண்டியவன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவன் எழுந்து என் பின் ஷட்டர் வழியாக வெளியே பார்த்தான். ஆய்வுக்கூடம் விட்டுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், காதில் பாட்டோடு, கையில் சமோசாவோடு, திரும்பிப் பார்க்காமல். அவன் மேலாளரிடம் திரும்பினான். "இந்தப் பக்கம் கடை வெச்சா, எங்களுக்கு எவ்வளவு கொறைப்பீங்க?"

அம்மா பிள்ளை! அதன்பிறகு பேரம் பேசுவது என் வேலை, பேசினேன். நேற்று மாலை சங்கத்தில் எல்லோரும் கையெழுத்திட்டோம். "இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாமே" என்றார் மருந்துக்கடை. இழுத்திருக்கலாம். எனக்குத் தெம்பு இல்லை.

அக்கா, நீங்கள் செய்ததை நாங்கள் செய்வோம் என்று பெரிதாக வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. எழுதிக் கொடுத்ததை மட்டும் காப்பாற்றுவோம். கட்டி முடிக்கும்வரை ஒவ்வொரு செங்கல்லையும் நான் போய்ப் பார்ப்பேன். அது முடியும்.

விடுதிப் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். உங்கள் தேர்வு முடியும்வரை ஒரு சுவரும் இடிக்கப்படாது. புதுக் கட்டடத்தில் முதல் மாடி பெண்கள் விடுதி. தரைத்தளத்துக் கடைகள் எல்லாவற்றுக்கும் சந்தின் பக்கம் ஷட்டர். சந்துக்குக் கேட் கிடையாது. நூலகம் மூடும்வரை பின்வாசலைத் திறந்துவைப்பதாகப் பதிவாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்கு ஈடாக, பேசிய விலையில் நூற்றுக்கு எட்டு, நாங்கள் எல்லோரும் விட்டுக்கொடுத்திருக்கிறோம்.