மூச்சுக்கு ஒரு சாட்சி

இல்வா: ஆக்ஸிஜன் முகமூடியைக் கழட்டாதன்னு சொன்னேன்ல...

சிக்ஸ்டன்: பொண்டாட்டி மொகம் சரியாத் தெரியலை. அதான்.

இல்வா: அது என்ன கண்ணுக்கா மாட்டியிருக்கு? போடு. நர்ஸ் பார்த்தா எனக்குத்தான் திட்டு.

சிக்ஸ்டன்: நேத்து வால்போரி திருநாளுக்குக் கொளுத்தின சொக்கப்பனைப் புகை... பிர்ச் மரம் வேற பூத்துக் கொட்டுது... அவ்வளவுதான் இல்வா.

இல்வா: அவ்வளவுதானா? ஆம்புலன்ஸ்ல உன் உதடு நீலம் பாரிச்சிருந்துச்சு. துணி எடுக்க வீட்டுக்குப் போனா, தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலர் டப்பா பிரிக்காமலே கிடக்கு!

சிக்ஸ்டன்: சரி, சரி... முகமூடியைப் போட்டுக்கிறேன்.

இல்வா: இப்ப மட்டும் முகமூடியை நல்லா மாட்டிக்கிற.

சிக்ஸ்டன்: நீதானே சொன்ன... மூச்சுக்குழாய் வீக்கத்தை உடம்பே ஆத்திக்கும்னு?

இல்வா: நான் எப்ப...

சிக்ஸ்டன்: சாப்பிடும்போது. பூந்தூள் உள்ள போனா வெள்ளணுக்கள் சண்டைக்குக் கிளம்பும். வேலை முடிஞ்சதும் 'போதும், கலைஞ்சு போங்க'ன்னு சொல்ல உடம்பே ஒரு பொருளைச் சுரக்கும். அப்புறம் வேற அணுக்கள் வந்து செத்ததையெல்லாம் தின்னு சுத்தம் பண்ணும். அந்தப் பொருளை உடம்பு மீன் கொழுப்புலேருந்தும் செய்யும்னு...

இல்வா: அடப்பாவி! அதான் தினமும் காலையில ஊறுகாய் மீனா?

சிக்ஸ்டன்: மதியமும்.

இல்வா: மீன் தின்னா ஆச்சா? உடம்பு அதை மாத்தணுமே! ஆஸ்துமாக்காரங்க பல பேருக்கு அங்கதான் தடங்கல். அவங்களுக்கு மருந்துதான் வீக்கத்தைப் பிடிச்சு நிறுத்தணும். இதையும் சொன்னேனே... நீ எங்க போன?

சிக்ஸ்டன்: தட்டு கழுவ.

இல்வா: கிழவா... செத்துப் போயிருப்ப.

சிக்ஸ்டன்: அழாத. இதைப் பத்தி நீ எழுதின ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பினாங்களே, அன்னிக்குக் குளியலறையில தாப்பா போட்டுக்கிட்டு அழுத. கேட்டதுக்கு, 'ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க'ன்ன. மருந்தில்லாம நான் தேறிட்டா, 'இந்தா, உன் சாட்சி'ன்னு வந்து நிக்கலாம்னு...

இல்வா: அதுக்கா இத்தனையும்?

சிக்ஸ்டன்: வேற எப்படி உனக்கு உதவுறது? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பியானோ சுருதி சேர்க்கிறது.

இல்வா: சிக்ஸ்டன்... நான் கட்டுரைக்காக அழலை.

சிக்ஸ்டன்: பின்ன?

இல்வா: எங்க ஆய்வுக்கு நீயும் சளி குடுத்தியே... அன்னிக்குத்தான் அதைப் பார்த்தேன். 'போதும்'னு சொல்ற அந்தப் பொருள் உன்னோடதுல இருக்கா இல்லையான்னே தெரியாத அளவுக்குத்தான் இருந்துச்சு. உன்னைப் பறிகொடுத்துருவேனோன்னு பயந்துட்டேன்... அதை உன்கிட்ட சொல்ல வாய் வராம, கட்டுரைன்னு சொல்லிட்டேன்.