டிசம்பர் முப்பத்தொன்று வரை

நூலகத்தில் கொடுக்கும் காப்பி வாயில் வைக்கிற மாதிரி இருக்காது. அதற்காக நான் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சூடாக ஒரு நல்ல காப்பியாவது கிடைக்க வேண்டாமா?

என் பெயர் வெர்னா ஹூபர். இந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, ஒவ்வோர் அக்டோபரிலும் நூலகத்தின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, பணி ஓய்வு பெற்றவர்கள் எந்த மருத்துவக் காப்பீட்டை எடுக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். பதினோரு வருஷம். சம்பளம் கிடையாது. நீங்கள் மாநிலக் காப்பீட்டுத் துறையிலிருந்து வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். பதிவில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

அறுபத்தைந்து வயதானால் அரசின் மெடிகேர் வந்துவிடுகிறது. செலவில் பெரும்பகுதியை அது பார்த்துக்கொள்ளும். மீதிக்குத் துணைக் காப்பீடு ஒன்று எடுத்துக்கொண்டால், மெடிகேரை ஏற்கும் எந்த ஊர் மருத்துவரிடமும் போகலாம். இன்னொரு வழி, மொத்தத்தையும் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைப்பது. பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் சேர்த்துத் தருவார்கள். ஆனால் அவர்கள் பட்டியலில் இருக்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். துணைக் காப்பீட்டை விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வந்தால், உடம்பில் என்ன கோளாறு என்று விசாரித்துவிட்டு முடியாது என்று சொல்லிவிடலாம்.

இதைச் சொல்ல எனக்கு நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தை முழுதாகக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். தொலைக்காட்சியில் பழைய கால்பந்து வீரர் சொன்னார் என்பார்கள், மைத்துனி எடுத்திருக்கிறாள் என்பார்கள். சாப்பிடும் மாத்திரைகளை எழுதிக்கொண்டு வரச் சொன்னால், ஒரு பெண்மணி தன் பூனையின் மாத்திரைகளை எழுதிக்கொண்டு வந்தார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

டெல்மர் வாஸ் விதை வியாபாரம் செய்து ஓய்ந்தவர். நல்ல உயரம், இடி மாதிரி குரல். அவர் மனைவி ஆர்டிஸும் நானும் தேவாலயப் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். எல்லா வருஷமும் இருவரும் வருவார்கள். ஆர்டிஸ் என்னிடம் கேட்பாள், டெல்மர் எனக்குப் பின்னால் இருப்பவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்கும் அந்த இலவசக் கண்ணாடி ஆசை வந்தது. வேண்டாம் என்று சொன்னேன். உங்கள் இதய மருத்துவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், அந்த மருத்துவமனை இந்தப் பட்டியலில் இல்லை என்று பக்கத்தைத் திருப்பியே காட்டினேன். அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை, கூடத்தைப் பார்த்தார்.

"டீச்சரம்மாவுக்கு என்னை ஃபெயில் போடணும்னு ரொம்ப நாளா ஆசை. நான்தான் சிக்க மாட்டேங்கறேன்" என்றார்.

கூடமே சிரித்தது. ஆர்டிஸும் கொஞ்சம் சிரித்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சோர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் நவம்பர் பன்னிரண்டாம் தேதி ஆர்டிஸ் போன் செய்தாள். டெல்மருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இதய வால்வு சுருங்கிவிட்டதாம், மாற்ற வேண்டுமாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உடனே செய்துவிடுவார்கள். பட்டியலில் இருக்கும் மருத்துவமனைக்கு நாலு மணி நேரப் பயணம், அதுவும் அனுமதி வந்த பிறகுதான் தேதி.

"பழைய காப்பீட்டுக்கே திரும்பிப் போக வழி இருக்கா வெர்னா?" என்று கேட்டாள்.

வழி இருந்தது. முதல்முறை இப்படி மாறியவர்கள், ஓராண்டு முடிவதற்குள் பழைய துணைக் காப்பீட்டுக்கே திரும்பலாம். நிறுவனம் உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. புதுக் காப்பீடு தொடங்கியது ஜனவரி ஒன்றில், அதனால் அவர்களுக்கு அந்த ஓராண்டு டிசம்பர் முப்பத்தொன்றில் முடிந்தது. எனக்கு அது மனப்பாடம்.

பார்த்துச் சொல்கிறேன், ஜனவரி நாலாம் தேதி டெல்மரைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். போனை வைத்ததும் பதிவேட்டில் அப்படியே எழுதினேன். நீங்கள் படித்திருப்பீர்கள். நான் எதையும் மறைக்கிறவள் இல்லை. டிசம்பர் பத்தொன்பதாம் தேதி அவள் மறுபடி கேட்டபோதும், பண்டிகை முடியட்டும் என்று சொன்னதை எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர்கள் வீட்டுக்கு ஏலக்காய் ரொட்டி கொண்டுபோனேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கதவைத் திறக்கவே நேரமானது. உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்: திரும்பிப் போவதற்கான விண்ணப்பத்தை நான் நிரப்பி என் கைப்பையில் வைத்திருந்தேன். அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவர் கேட்டிருந்தால் அங்கேயே எடுத்துக் கொடுத்திருப்பேன். வேறெதுவும் வேண்டாம், அவர் வாயால் ஒரு வார்த்தை.

"ரொட்டிக்கும் மார்க் போடுவீங்களா டீச்சரம்மா?" என்றார். அவ்வளவுதான். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பனியைப் பற்றிப் பேசினார், டிராக்டரைப் பற்றிப் பேசினார். பிறகு நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஜனவரி நாலாம் தேதி வந்தார். மேசைக்கு எதிரே உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை.

"நீங்க சொன்னதுதான் சரி, டீச்சர். நான்தான் காது குடுக்கல. இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன்" என்றார்.

ஓராண்டு விதியை அப்போதுதான் விளக்கினேன். முழு நான்கு நிமிடம். அவர் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆர்டிஸ் அன்று தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

"ஆர்டிஸ் நவம்பர்லயே கேட்டாளே" என்றார் மெதுவாக.

"ஆர்டிஸ் கேட்டாள். நீங்க கேக்கலையே" என்றேன்.

இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கலாம். துணைக் காப்பீட்டு நிறுவனம் அவரை விசாரித்துவிட்டுக் கைவிரித்தது. தொலைதூர மருத்துவமனைக்கு அனுமதி வந்து, ஏப்ரல் ஒன்பதாம் தேதி என்று எழுதியிருந்தார்கள். மார்ச் இருபத்திரண்டாம் தேதி காலையில், மளிகைக் கடை வாசலில், வண்டிக்குள்ளேயே இறந்துபோனார். அடக்க ஆராதனையில் நான் பாடினேன். ஆர்டிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த அக்டோபர் கூட்டத்துக்கு ஆர்டிஸ் தனியாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல் எல்லாவற்றையும் சொன்னேன், ஓராண்டு விதியையும் சேர்த்து. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று உங்களோடு வந்தவர் சொன்னார். எப்படி விட முடியும்? பாடத்தில் பாதியை விழுங்குகிற டீச்சர் இல்லை நான்.

ஆர்டிஸ் எழுந்து நின்றாள். "எங்களுக்கு அது எந்தத் தேதி வரைக்கும் இருந்துச்சு, வெர்னா?" என்று கேட்டாள்.

டிசம்பர் முப்பத்தொன்று என்றேன். அவள் கேட்டாள், நான் உண்மையைச் சொன்னேன். அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். உங்களுக்கு எழுதியது அவள்தான் என்று நினைக்கிறேன். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆமாம், எனக்குத் தெரிந்திருந்தது. நாற்பத்தொன்பது நாள் தெரிந்திருந்தது. தெரிந்தே சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். ஆர்டிஸ் போன பிறகு நான் தொடர்ந்து பேசினேன். நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர்கள் பாடத்தைக் கவனித்தார்கள்.