தவறிய பொருள்

காவல் நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது என் வழக்கம். தண்ணீர் குடித்தவரின் குரல் இறங்கிவிடும். குரல் இறங்கினால் புகாரும் கொஞ்சம் இறங்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஐயா. எழுத்தர் மேசையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தால் தானாக வரும்.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பதால் விளக்கிவிடுகிறேன். வீடு புகுந்து திருடினால் அது குற்றக் கணக்கில் ஏறும். தலைமை அலுவலக வரைபடத்தில் அந்தத் தெருவில் சிவப்பு ஊசி குத்துவார்கள். ஊசிகள் கூடும் இடத்துக்கு ரோந்து போகும். பொருள் தவறிப்போனால் அது குற்றமில்லை. அதற்கு ஊசியும் கிடையாது. ஆகவே கதவு உடையாத வீடுகளுக்கெல்லாம் ‘தவறிய பொருள்’ என்று எழுதினேன். அப்படி எழுது என்று ஆய்வாளர் ஒருநாளும் சொன்னதில்லை. மாதக் கடைசியில் என் தோளைத் தட்டி, “குறைஞ்சிருக்கு போலிருக்கே” என்பார். அவ்வளவுதான்.

தையல்கார அம்மா மூன்று முறை வந்தார். தனியாக இருந்தவர். முதலில் காணாமல் போனது சீப்பு. அடுத்தது தலையணை உறை.

“நான் தூங்கிட்டிருக்கும்போது யாரோ உள்ள வந்துட்டுப் போறான் சார்.”

“சீப்புக்காக ஒருத்தன் வருவானாம்மா? அவனுக்குத் தலையில முடி இருந்துச்சான்னு பாத்தீங்களா?”

பக்கத்து மேசைக் காவலர் சிரித்தார். அந்த அம்மாவும் மரியாதைக்குச் சிரிக்கப் பார்த்தார்.

மூன்றாவது முறை அவர் உட்காரவில்லை.

“இந்தத் தடவ மாத்துச் சாவி போயிருக்கு. தாழ்ப்பாள் பக்கத்துல கம்பி விட்ட கீறல் இருக்கு, வந்து பாருங்க. உங்க கூடப் பொறந்தவளா இருந்தா இப்படி உக்காந்திருப்பீங்களா?”

“கோவிச்சுக்காதீங்கக்கா. நாளைக்கே ஆள் அனுப்புறேன்.”

அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கீறலைப் பார்த்திருப்பார்கள். ‘தவறிய பொருள்: சாவி ஒன்று’ என்று எழுதினேன். சாவி தவறுவது உலக வழக்கம்தானே.

சுற்றுப்பட்ட தெருக்களிலிருந்து வேறு சில பெண்களும் இதே கதையோடு வந்து போயிருந்தார்கள். ஒரே ஆள் என்று எனக்குப் புரிந்திருந்தது. வரைபடத்துக்குப் புரிய வழியில்லை. அங்கே ஊசியே இல்லாததால் ரோந்தைப் பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள்.

பிறகு தையல்கார அம்மாவை அவர் வீட்டுக் குளியலறையில் பிணமாகக் கண்டெடுத்தோம். கழுத்தின் இரு பக்கமும் விரல் பதிந்திருந்தது. ஆய்வாளர் என்னைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்விட்டார். ‘தவறி விழுந்து மரணம்’ என்று எழுதினேன். எங்கள் மொழியில் அந்தச் சொல் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது.

“கழுத்துல என்ன சார் அது?” என்று இறந்தவரின் தங்கை கேட்டாள்.

“விழும்போது வாளி விளிம்பு பட்டிருக்கும்மா.”

நம்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ உங்களத்தான் மலை மாதிரி நம்பியிருந்தா” என்றாள். அந்தக் கையை அன்று சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவினேன் என்று என் மனைவியைக் கேளுங்கள்.

அவன் அடுத்த தெருவில் ஒரு கல்லூரிப் பெண்ணைக் கொன்றுவிட்டு ஓடும்போது பிடிபட்டான். தையல்கார அம்மாவைப் பற்றியும் அவனே சொன்னான். எங்களிடம் அப்படி ஒரு வழக்கே இல்லை என்றதும் அவன்தான் திகைத்தான்.

ஆம், விரல் தடத்தைப் பார்த்தேன். அவன் மறுபடி வருவான் என்று தெரிந்தேதான் எழுதினேன். அந்தப் பெண்ணின் அப்பா நிலைய வாசலில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு பின்வழியாகப் போய்வருகிறேன். சோறு இறங்குவதில்லை. எதையும் மறைக்கவில்லை, ஐயா.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. கடைசி வரியில் மட்டும் ‘இரண்டு கொலைகளுக்குக் காரணமானேன்’ என்று இருக்கிறது. முதலாவதை ஏற்கெனவே வேறு தலைப்பில் எழுதி முடித்தாயிற்று. ஒன்று என்று போட்டுவிடுங்களேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.