குச்சிக்குப் பார்த்த முகூர்த்தம்

ராசிபுரம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "குச்சிய வெட்டுனது அஷ்டமியிலங்க. அதுதான் தப்பாப் போச்சு."

"என்ன குச்சிங்க?"

"மல்கோவாங்க. ரோடு போடறதுக்கு மாமனார் தோட்டத்து மரத்த வெட்டப் போறதாச் சொன்னாங்க. எங்கூட்டு மாங்கன்னுல ஒட்டுக் கட்டி அந்த ஜாதியக் காப்பாத்தலாம்னு பாத்தேன்."

"கட்டுனீங்களா?"

"அஷ்டமியில எப்படிங்க கட்டறது? ஜோசியர் வளர்பிறையில முகூர்த்தம் குறிச்சாரு. அதுவரைக்கும் குச்சிய சாமி ரூம்புல வெச்சிருந்தேன்."

"காஞ்சிருக்குமேங்க!"

"சுள்ளியாயிருச்சுங்க. இருந்தாலும் மஞ்சத்துணி சுத்திக் கட்டினேன். ஒட்டல."

"மரம் இருக்குதுங்களா?"

"காலையில வெட்டிட்டாங்க. கடைசியா ஒரே ஒரு குச்சி எடுத்துட்டு வாரேன்."

மடியிலிருந்த மஞ்சப்பையிலிருந்து அது எட்டிப் பார்த்தது.

"அப்ப போனதும் கட்டீருங்க."

"அவசரப்படக் கூடாதுங்க. இந்த வாட்டி வேற ஜோசியரு. ஆடி கழியட்டும்னுட்டாரு."