கில் டிராம்பிளியின் முதல் வருடக் கார்டு

அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும் கார்டுக்கு எட்டு சென்ட் கூடத் தேறாது, மேடம். காய்ந்த கார்டாக இருந்தால் எட்டு சென்ட். இது தண்ணீரில் ஊறி, ஓரம் உப்பி, முகம் வெளுத்துக் கிடக்கிறது. இந்த மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் கார்டுக் கடைக்கு யாராவது வந்தால், ஒரு காப்பி கொடுத்து நல்லபடியாக அனுப்பிவிடுவேன்.

எப்படி அடையாளம் கண்டேன் என்று கேட்டீர்கள். பின்பக்கம் மூலையில் ஒரு எண் இருக்கிறது பாருங்கள். எந்த வரிசை, எந்த வருடம் என்று அதுவே சொல்லிவிடும். பிறகு மூலைகள் கூராக இருக்கின்றனவா, படத்தைச் சுற்றிய வெள்ளை விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அகலமா என்று பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்தால் அசலில் மை புள்ளி புள்ளியாகத் தெரியும். போலியில் கலங்கிக் கிடக்கும். இதெல்லாம் தேறினாலும் கடைசியில் ஒரே கேள்விதான். இதே மாதிரி ஊரில் எத்தனை கிடக்கிறது? இது எண்பத்தெட்டாம் வருடத்துக் கார்டு. அப்போதெல்லாம் ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் கார்டைத் தேர்தல் நோட்டீஸ் மாதிரி அடித்துத் தள்ளினார்கள். ஒஹாயோவில் எந்த வீட்டு நிலவறையைத் திறந்தாலும் ஒரு பெட்டி இருக்கும்.

என் வீட்டில் ஒரு பெட்டி இல்லை. இரண்டு அறை நிறைய இருக்கிறது. எல்லாமே கில் டிராம்பிளியின் முதல் வருடக் கார்டு.

என்னைப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். பெரிய ஆட்டத்துக்கு வந்த அந்த முதல் வருடம் கில் மட்டையைத் தூக்கினால் பந்து மைதானத்தைத் தாண்டித்தான் விழும். இதே லொரேன் ஊரில் பிறந்து வளர்ந்த பையன். ஊரே அவர் கார்டை வாங்கியது. நான் கொஞ்சம் அதிகமாக வாங்கினேன். கிழவனாகும்போது இதை விற்று உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஜோனிடம் சொன்னேன். ஜோன் என் மனைவி. மூன்றாவது வருடம் கில்லின் முழங்கால் போயிற்று, ஆட்டமும் போயிற்று. ஜோன் இன்னும் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள்.

கில் ஊருக்குத் திரும்பி வந்து பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினார். சனிக்கிழமை தவறாமல் என் கடைக்கு வருவார். சர்ச்சில் விற்கும், எண்ணெயில் வதக்கிய பியரோகிக் கொழுக்கட்டை ஒரு தட்டு வாங்கிக்கொண்டு வந்து, கவுன்டர் மேலேயே வைத்துச் சாப்பிடுவார். எனக்கு எண்ணெய்க் கை ஆகாது. ஆனாலும் ஒன்றும் சொன்னதில்லை. யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். கார்டு, தொப்பி, கை முறிந்த பிள்ளைகளின் மாவுக்கட்டு என்று எதையும் விடமாட்டார். காசு வாங்கமாட்டார். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது, மேடம். கையெழுத்துக்கும் மதிப்பில்லாமல் போய்விட்டது.

பக்கத்தில் டயர்க் கடை வைத்திருக்கும் ஹட்ச் வந்து வம்புக்கு இழுப்பான்.

"என்ன கில், கையெழுத்துப் போடாத கார்டு ஒண்ணு இருந்தா குடேன். இந்த ஊர்ல அதுதான் கிடைக்க மாட்டேங்குது."

"உன் செக்புக்கக் கொண்டாடா, அதுலயும் போட்டுத் தரேன்," என்பார் கில், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

நானும் சிரிப்பேன். அவர்மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

போன இலையுதிர்காலத்தில் கில்லோடு ஆடிய ஒருவர் டெக்ஸஸில் மாரடைப்பில் இறந்துபோனார். கில் அளவுக்குக்கூட ஆடாதவர். அவர் கார்டு என் கடையில் பத்து சென்ட் டப்பாவில் கிடந்தது. ஒரே வாரத்தில் நாற்பது டாலருக்குப் போனது. எங்கள் ஆட்களுக்கு இது பழக்கம்தான். சாவுச் செய்தி வந்த உடனே டப்பாவைத் துழாவுவோம். அன்றைக்கும் கில் கவுன்டரில்தான் இருந்தார்.

"அடப்பாவி, நான் செத்தாத்தான் நீ பொழைப்ப போலிருக்கே மெர்ல்," என்றார்.

அந்த வார்த்தையைச் சொன்னது அவர். நானில்லை. என் மனதில் அப்படியொன்று அதுவரைக்கும் இல்லவே இல்லை.

ஜனவரியில் ஏரி உறைந்தது. பனியில் துளை போட்டு மீன் பிடிக்க நான் வருடாவருடம் போகிறவன். கில் என்னோடுதான் வருவார். ஏரிமேல் நடக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் இரும்புக் கடப்பாரையால் தட்டிப் பார்த்துச் சொல்வான். பின்னால் வருகிறவன் அதை நம்பி நடப்பான். முழங்கால் வலியில் கில்லால் குனிந்து தட்ட முடியாது. எப்போதும் நான்தான் தட்டிச் சொல்வேன்.

ஓடை வந்து ஏரியில் விழும் இடத்தில் அடியில் நீரோட்டம் இருக்கும். பனிக்கட்டி கெட்டியாகாது. மேலே புதுப்பனி மூடிவிட்டால் பார்த்தால் தெரியாது. அங்கேதான் மீன் கடிக்கிறது என்று சொன்னேன்.

"அங்க ஓடை வந்து விழுதே, மெர்ல்?"

"நேத்தே தட்டிப் பாத்துட்டேன். ஒரு சாணுக்கு மேல இருக்கு."

"நீ சொன்னா சரிதான்பா."

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடத்தில் எந்தக் கார்டுக்கும் நான் பொய் மதிப்புச் சொன்னதில்லை. அழுகிற விதவையிடம்கூட எட்டு சென்ட் என்றால் எட்டு சென்ட் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அவர் என் வார்த்தையை நம்பினார். நாணயம் சம்பாதிப்பது லேசில்லை, மேடம்.

விரிசல் விட்ட சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நெஞ்சளவு உள்ளே போய், விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிடித்த இடமெல்லாம் உடைந்தது.

"கயிறு... மெர்ல், கயிறப் போடு."

கயிறு, சாமான் இழுத்து வந்த சறுக்குவண்டியில், என் காலடியில் இருந்தது. "இதோ வந்துட்டேன் கில்," என்றேன். அவர் பயப்படக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த வலது கை, ஊருக்கே கையெழுத்துப் போட்ட கை, கடைசிவரை என் பக்கம் நீண்டுதான் இருந்தது. மனசு கனத்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். கை அசைவது நின்ற பிறகு கரைக்கு நடந்து வந்து உதவிக்குப் போன் செய்தேன். கயிறு நனையாமல் சுருட்டியபடியே இருந்ததை ஹட்ச் பார்த்துவிட்டான். உங்களிடம் வந்து சொன்னது அவனாகத்தான் இருக்கும். இருக்கட்டும், நல்லவன்தான்.

விலை ஏறியது. பத்தொன்பது டாலர்வரை போனது. நான் அவசரப்படவில்லை. இன்னும் ஏறும் என்று இருந்தேன். அடுத்த வாரமே நாட்டில் உள்ள நிலவறையெல்லாம் திறந்துகொண்டது. எல்லோரும் கில்லை விற்க வந்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது, போடாதது, மூட்டை மூட்டையாக வந்தது. இப்போது எட்டு சென்ட். முன்பு பத்துக்காவது போகும். என் இரண்டு அறையும் அப்படியே இருக்கிறது. இனி அதற்கு ஒன்றும் வரப்போவதில்லை. எனக்கும்தான்.

என்ன சொன்னீர்கள்? இது அவர் சட்டையின் உள்பையில் இருந்ததா?

அவர் மகள் நோரீன் சொன்னாளா? ஹட்ச் கேலி செய்துகொண்டே இருந்தானே என்று, வீட்டில் தேடி, கையெழுத்துப் படாத ஒன்றை எடுத்து எனக்கென்று வைத்திருந்தாராமா? அன்றைக்கு மீன் பிடித்து முடித்துக் கொடுப்பதாக இருந்தாராமா?

கொஞ்சம் இருங்கள். தண்ணீர் வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

மேடம், நான் முதலில் சொன்ன விலையை அடித்துவிடுங்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன். சாகும்போது அவர் உடம்பில் இருந்த கார்டு இது. போலீஸ் முத்திரையோடு, தேதியோடு, உங்கள் கையெழுத்தோடு பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது. உலகத்தில் இப்படி வேறொன்று கிடையாது. கில்லுக்குக் கடைசியில் மதிப்புள்ள ஒரு கார்டு அமைந்துவிட்டது. எல்லாம் அவருக்காகத்தானே செய்தேன். தயவுசெய்து அந்தப் பையைப் பிரித்துவிடாதீர்கள். அவர் எனக்கென்று வைத்தது அது.