கோளாறு இல்லைன்னு சொல்லிரு

— கோளாறு ஒண்ணுமில்லைன்னு சொல்லிரு காளிதாசு. நான் பாட்டுக்குப் போயிர்றேன்.

— இன்னும் பெட்டியே தொறக்கலீங்க மாமா. இங்க வார எல்லாரும் தப்பு துப்பாக்கி மேலதான்னு சொல்லச் சொல்லுவாங்க. நீங்கதான் மொத ஆளு.

— மாமாங்காதேன்னு அன்னிக்கே சொன்னனா இல்லியா?

— சொன்னீங்க. அப்பறம் தீபிகா போனையும் புடுங்கி வெச்சுட்டீங்க. ஆனா காலேஜ் டீம்ல உங்க பொண்ணுகூடச் சுட்டவனும் நாந்தான், நாமக்கல்லுல இந்த ஏர்கன்னை ரிப்பேர் பாக்கறவனும் நாந்தான். என்ன பண்றதுங்க.

— சேலத்துல ஸ்டேட் டீம் செலக்சன்ல அவ சுட்ட குண்டெல்லாம் அங்கொண்ணு இங்கொண்ணாப் போச்சு. துப்பாக்கிதாம்ப்பா சரியில்லைன்னு அழுதா. உன்ற நெனப்புல கோட்டை விட்டுட்டு, அது மேல பழி போடறான்னு நெனச்சேன். தையிலயே எருமப்பட்டிக்குக் கட்டிக் குடுத்துட்டேன்.

— தெரியுங்க. பத்திரிகை வெக்காட்டியும் வந்து சாப்புட்டேன். ரசம் நல்லா இருந்துச்சு.

— இப்பப் பேரன் பொறந்துருக்கான். பாக்கப் போனா மூஞ்சியத் திருப்பிக்கறா. துப்பாக்கிய யாருகிட்டயாவது காட்டிட்டு வாங்க, அப்பறம் புள்ளையத் தூக்குங்கங்கறா. அன்னிக்கு மூடுன பெட்டி. யாரும் தொடலை.

— அப்ப இருங்க, சுட்டுப் பாத்தர்றேன்... ஏனுங்க, பாருங்க. அஞ்சு குண்டு, அஞ்சும் அஞ்சு பக்கம்.

— நீயும் அவ நெனப்புல சுட்டிருப்பே.

— ஸ்டேண்டுல கட்டி வெச்சுத்தானுங்க சுட்டேன். ஸ்டேண்டு யாரையும் லவ் பண்ணலை.

— ஸ்க்ரூ எதாச்சும் லூசா இருக்கும்.

— எல்லாம் டைட்டு. பேரலைத் தொடச்சாச்சு, குண்டை மாத்தியாச்சு. ஸ்பிரிங்கும் ஒடையலை, வாஷரும் புதுசாட்டத்தான் இருக்குது.

— அப்பக் கோளாறு இல்லை.

— அவசரப்படாதீங்க. இது ஒதைக்காத துப்பாக்கி. சுட்ட ஒடனே மேல்பாகம் மொத்தமும் உள்ள இருக்கற ரெயில் மேல பின்னால வழுக்கிரும், கையி அலுங்காது. இது ஒரு வாட்டி வழுக்குது, மறுவாட்டி ஒட்டிக்குது. அடிக்கட்டையக் கழட்டறேன், இந்த ஸ்க்ரூவக் கொஞ்சம் புடிங்க.

— குடு சாமி. உள்ளார என்ன தெரியுது?

— ரெயில் பூரா என்னமோ கெட்டியாக் காஞ்சு கெடக்குதுங்க. கிரீஸ் இல்லை. மோந்து பாருங்க.

— சந்தனம்.

— கூடவே குங்குமமும். துப்பாக்கிக்கு யாருங்க பொட்டு வெச்சது?

— நாந்தான். செலக்சன் வந்ததே ஆயுத பூசை முடிஞ்ச மக்யா நாளு. லாரிக்கு வெக்கறாப்பல தண்ணியாக் கரைச்சு, சந்து பொந்தெல்லாம் பட்டை அடிச்சேன். ஸ்டேட்டுக்குப் போற ஆயுதமாச்சேன்னு.

— தீபிகா பாக்கலீங்களா?

— பாத்தா. உள்ளுக்குள்ள வழிஞ்சிருக்கும்ப்பா, கழட்டித் தொடச்சுக்கறேன்னு துணியோட வந்து நின்னா. சாமி சந்தனத்துல கைய வெச்சே, ஒடச்சுருவேன்னேன்.

— அதை செலக்சன்ல சொல்லியிருக்கலாமே. உங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம். துப்பாக்கி சரியில்லைன்னு மட்டும் ஏனுங்க சொன்னா?

— என்னையச் சொல்ல மனசு வந்திருக்காது.

— நைட்டு நீங்க தூங்குன பொறகாவது தொடச்சிருக்கலாமேங்க. அவ்வளவு பெரிய மேட்சு.

— எம்புள்ளை எம்பேச்சைத் தட்டுனதே இல்லை, காளிதாசு. உன்ற விசயத்துலயுஞ் சேத்தி.